ஷிப்ட் முடிந்ததும் தொடங்கும் இன்னொரு ஷிப்ட்: ஓசூர் அடுப்படிகளுக்கு யார் நேரம் தருவது?

அதிகாலை 4 மணி. மார்கழியில் ஓசூரில் அந்த நேரத்துக் குளிரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனாலும் பாகலூர் சாலையிலும் ராயக்கோட்டை சாலையிலும் உள்ள வாடகை வீடுகளில் வரிசையாக விளக்கு எரியத் தொடங்கிவிடும். முதல் விசில் எந்த வீட்டிலிருந்து வருகிறது என்பதை வைத்தே, இந்த வாரம் யாருக்கு ஏ ஷிப்ட் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்லிவிடலாம். 6 மணி ஷிப்டுக்கு ஐந்து, ஐந்தேகாலுக்குக் கம்பெனி பஸ். அதற்குள் சோறு, ஒரு குழம்பு, கணவருக்கு ஒரு டிபன் பாக்ஸ், பிள்ளைகளுக்கு இரண்டு, தனக்கு ஒன்று. பாத்திரத்தைத் தேய்த்துவிட்டுப் போவதா, வந்து தேய்ப்பதா என்பது அன்றைக்குத் தண்ணீர் வருகிற நேரத்தைப் பொறுத்தது.

"காலையில எழுந்ததும் முதல்ல வர்ற கேள்வி, இன்னிக்கு என்ன சமைக்கிறது? ராத்திரி படுக்கும்போது கடைசியா வர்ற கேள்வியும் அதே தாங்க." ஓசூர், சூளகிரி, பர்கூர் வட்டாரத்தில் எந்தக் கம்பெனி பஸ்ஸில் ஏறிக் கேட்டாலும் இந்தப் பேச்சு காதில் விழும்.

வேலைக்குப் போகும் வீட்டில் ஆரோக்கியமாகச் சமைப்பது எப்படி என்பதற்கு அறிவுரை சொல்ல ஆள் பஞ்சமே இல்லை. ஞாயிற்றுக்கிழமையே காய் நறுக்கி வையுங்கள், பட்டியல் போடுங்கள், சீக்கிரம் எழுந்திருங்கள் என்பார்கள். 4 மணிக்கு எழுந்திருப்பவரிடம் இன்னும் சீக்கிரம் எழுந்திருக்கச் சொல்வது என்ன நியாயம்? நேரத்தை மிச்சம் பிடிக்கும் வழிகள் தேவைதான். ஆனால் அந்த நேரம் யாருடைய தூக்கத்திலிருந்து எடுக்கப்படுகிறது என்று கேட்காமல் சொல்லப்படும் எந்த வழியும் பாதி வழிதான்.

ஊர் மாறியது, அடுப்படி மாறவில்லை

1970-களில் சிப்காட் வந்த பிறகுதான் ஓசூர் தொழில் நகரமானது. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று ஒவ்வொன்றாக வந்தன. அந்தத் தலைமுறையில் பெரும்பாலான வீடுகளில் ஆலைக்குப் போனவர் ஆண். அவருக்குச் சோறு கட்டிக் கொடுத்தவர் பெண். மூன்று ஷிப்ட் முறை அந்தக் குடும்பத்தை மனதில் வைத்து வகுக்கப்பட்டதுதான். ஆலையின் நேரத்துக்கு வீட்டில் ஒருவர் தன் நேரத்தை வளைத்துக்கொடுப்பார் என்பது எழுதப்படாத ஏற்பாடு.

இன்றைய நிலைமை வேறு. ஓசூரை ஒட்டிய டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் பணிபுரிவோரில் பெரும்பாலானவர்கள் பெண்கள். போச்சம்பள்ளி அருகே உள்ள ஓலா எலக்ட்ரிக் ஆலையை முழுக்கப் பெண்களே நடத்துவார்கள் என்று அந்த நிறுவனம் 2021-ல் அறிவித்தது. இரவு 7 முதல் காலை 6 வரை பெண்களை ஆலையில் வேலை வாங்கக் கூடாது என்றிருந்த தொழிற்சாலைகள் சட்டப் பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000-ம் ஆண்டிலேயே செல்லாது என்று சொல்லிவிட்டது. பாதுகாப்பு ஏற்பாடுகளோடு இரவு ஷிப்டும் பெண்களுக்குத் திறந்தது. வேலை வாய்ப்பு என்ற வகையில் அது சரியான தீர்ப்புதான். ஆனால் ராத்திரி முழுக்க லைனில் நின்றுவிட்டுக் காலை 7 மணிக்கு வீட்டுக்குள் நுழையும் பெண்ணுக்காக அடுப்படியில் காத்திருக்கும் வேலையை எந்தத் தீர்ப்பும் மாற்றவில்லை.

இரவு ஷிப்ட் முடிந்து வரும் ஆண், குளித்துவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுக்கிறார். "அப்பா நைட் ஷிப்ட் பார்த்துட்டுத் தூங்குறாரு, சத்தம் போடாதீங்க" என்று வீடே அடங்கும். அதே இரவு ஷிப்ட் முடிந்து வரும் பெண், பிள்ளைகளுக்குத் தோசை ஊற்றி, பள்ளி வேனில் ஏற்றி, பாத்திரம் கழுவி, துணி அலசி, 10 மணிக்குத் தலை சாய்க்கிறார். ஒரு மணிக்குக் காலிங் பெல் அடிக்கிறது.

மத்திய புள்ளியியல் துறை நடத்தும் நேரப் பயன்பாட்டு ஆய்வு இதற்கு எண்ணிக்கை தருகிறது. 2019 ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டனர். ஆண்கள் 97 நிமிடம். 2024 ஆய்வில் பெண்களின் நேரம் 289 நிமிடமாகக் குறைந்தது. நல்ல சேதிதானே என்று நினைப்பதற்குள் அடுத்த எண் வருகிறது: ஆண்களின் நேரமும் 88 நிமிடமாகக் குறைந்துவிட்டது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இது வீட்டு வேலையில் கை வைத்தவர்களின் சராசரி மட்டுமே. 2019 ஆய்வில் நூற்றுக்கு 81 பெண்கள் அன்றாடம் வீட்டு வேலை செய்தபோது, ஆண்களில் 26 பேர்தான் செய்தார்கள். மற்ற 74 பேர் கணக்கிலேயே வரவில்லை.

அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஸ்சைல்டு 1989-ல் எழுதிய புத்தகத்துக்கு 'இரண்டாவது ஷிப்ட்' என்றே பெயர் வைத்தார். அலுவலகம் முடிந்து வந்த பெண் வீட்டில் பார்க்கும் வேலையைத்தான் அப்படிச் சொன்னார். ஓசூரில் அதை உருவகம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இங்கே ஷிப்ட் என்றால் உண்மையிலேயே ஷிப்ட்தான்.

குக்கர் செய்யும் ஊரில்

பிரெஸ்டீஜ் குக்கர் தயாரிக்கும் டிடிகே ஆலைகளில் ஒன்று ஓசூரில்தான் இருக்கிறது. அடுப்படி வேலையைக் குறைத்த கருவிகளில் குக்கருக்கு முதலிடம் கொடுக்கலாம். அடுத்தது கிரைண்டர். 2011-ல் தமிழக அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி விலையில்லாமல் கொடுக்கத் தொடங்கியபோது, 'இலவசம்' என்று கேலி பேசியவர்களில் எத்தனை பேர் ஆட்டுக்கல்லில் மாவாட்டியிருப்பார்கள் என்பது வேறு விஷயம். அந்தத் திட்டம் பல லட்சம் தோள்பட்டைகளுக்கு ஓய்வு கொடுத்தது.

அப்படியானால் நேரம் மிச்சமாகியிருக்க வேண்டுமே, எங்கே போனது?

ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற வரலாற்றாசிரியர் 1983-ல் அமெரிக்க வீடுகளைப் பற்றி இதே கேள்வியைக் கேட்டார். கருவிகள் வந்ததும் குறைந்தது பெரும்பாலும் ஆண்களும் பிள்ளைகளும் செய்துவந்த வேலை. பெண்ணின் வேலை நின்றுபோகவில்லை, அதன் தரம் பற்றிய எதிர்பார்ப்புதான் உயர்ந்தது என்பது அவருடைய வாதம். நம்மூரிலும் அப்படியே பொருத்திப் பார்க்கலாம். விறகு பிளப்பது ஆண் வேலையாக இருந்தது. கேஸ் அடுப்பு வந்ததும் அது இல்லாமல் போனது. மாவு மில்லுக்குப் பையனை அனுப்புவார்கள்; மிக்ஸி வந்ததும் பையனுக்கு விடுதலை. அம்மாவுக்கு மட்டும், கிரைண்டர் வந்த பிறகு வாரம் ஒரு நாள் இருந்த இட்லி வாரம் ஐந்து நாள் ஆனது. முன்பெல்லாம் கிராமத்து வீடுகளில் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் செய்த பலகாரம் அது. இன்று இட்லி தோசை இல்லாத காலை என்றால், "ஏன், உடம்பு சரியில்லையா?" என்று கேட்கிறார்கள். ஒரு சாம்பார் போதாது, சட்னியும் வேண்டும். அதிலும் ஒருவருக்குத் தேங்காய், இன்னொருவருக்குத் தக்காளி.

மாவு பாக்கெட் வாங்கினால் சோம்பேறி என்று சொல்லும் மாமியார்கள் இன்னும் இருக்கிறார்கள்; மருமகள்களின் மனதிலும் அந்தக் குரல் இருக்கிறது. பெங்களூரில் 2005-ல் ஐடி ஃப்ரெஷ் நிறுவனம் சிறிய அளவில் இட்லி மாவு விற்கத் தொடங்கியது. இன்று தெருவுக்குத் தெரு மாவு பாக்கெட். அரிசியும் உளுந்தும் உப்பும் மட்டுமே உள்ள மாவை வாங்குவதில் உடம்புக்கு எந்தக் கேடும் இல்லை. எப்போது அரைத்தது, எங்கே அரைத்தது, கடையில் குளிரில் வைத்திருந்தார்களா என்று பார்த்து வாங்கினால் போதும். குற்ற உணர்ச்சியைக் கூடவே வாங்க வேண்டியதில்லை.

களியும் சாறும் சொல்லும் கணக்கு

இந்த வட்டாரத்துக்கு ஒரு நல்ல காலம் உண்டு. குறைந்த வேலையில் நிறைந்த சத்து தரும் சாப்பாடு எது என்று தேடி, எங்கோ கண்காணாத ஊரின் ஓட்ஸ் வரைக்கும் போக வேண்டியதில்லை. கிருஷ்ணகிரி, தருமபுரி மண்ணின் சாப்பாடே அதுதான்.

கேழ்வரகுக் களியை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் முத்தே, இந்தப் பக்கம் களி. தண்ணீர் கொதித்ததும் மாவைக் கொட்டி, வேகவிட்டு, கட்டையால் கிளறி உருண்டை பிடித்தால் அரை மணி நேரத்துக்குள் ஒரு குடும்பத்துக்குச் சாப்பாடு. முந்தைய நாள் ஊறவைப்பது, அரைப்பது, புளிக்கவைப்பது எதுவும் இல்லை. கிளறுவதற்குக் கைபலம் வேண்டும் என்பது உண்மை. அந்த வேலையை வீட்டில் கைபலம் அதிகம் இருப்பதாகச் சொல்லிக்கொள்பவரிடம் தாராளமாகக் கொடுக்கலாம்.

100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. பட்டை தீட்டிய அரிசியில் அது 10 மில்லிகிராமைத் தாண்டாது. நார்ச்சத்தும் அரிசியைவிட அதிகம். அதற்காகக் களி சாப்பிட்டால் சர்க்கரை நோய் வராது என்று சிலர் பேசுவதை அப்படியே நம்பிவிடக் கூடாது. கேழ்வரகும் மாவுச்சத்துதான். நைசாக அரைத்த மாவில் கஞ்சி காய்ச்சி நாலு டம்ளர் குடித்தால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். உருண்டையின் அளவும், கூட என்ன சேர்கிறது என்பதும்தான் முக்கியம்.

கூடச் சேர்வதில்தான் இந்த ஊரின் சூட்சுமம் இருக்கிறது. கன்னடமும் தெலுங்கும் தமிழும் கலந்து பேசும் ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் பஸ்ஸாரு தெரியாத வீடு குறைவு. கீரையையோ பீன்ஸையோ பயறோடு சேர்த்து வேகவைப்பார்கள். வடித்த தண்ணீரில் வெங்காயம், பூண்டு, மிளகாய், கொஞ்சம் தேங்காய் அரைத்து ஊற்றிக் கொதிக்கவிட்டால் சாறு. வடித்தெடுத்த கீரையையும் பயறையும் தாளித்தால் பொரியல். ஒரே அடுப்பில், ஒரே வேகவைப்பில் இரண்டு பதார்த்தம். கீரை வெந்த தண்ணீர் கீழே போவதில்லை. புரதத்துக்குத் தனியாக ஒன்று செய்ய வேண்டியதில்லை. கொள்ளில் செய்தால் கொள்ளுச் சாறும் சுண்டலும். மார்கழி, தையில் அவரைக்கொட்டை வந்துவிட்டால் பிதுக்கம்பருப்புக் குழம்பு. ஆனால் கொட்டையைத் தோல் பிதுக்கி எடுப்பதற்கு வீட்டில் உள்ள எல்லாக் கையும் வேண்டும். டிவி முன்னால் உட்கார்ந்து பிதுக்கினால் அது வேலை மாதிரியே தெரியாது, அது ஒரு வசதி.

ஐசிஎம்ஆர் - தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்கள், 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்குத் தினமும் 250 கிராம் தானியம், 400 கிராம் காய்கறி, 85 கிராம் பருப்பு அல்லது முட்டை, மீன், இறைச்சி என்று சொல்கின்றன. தானியத்தைவிடக் காய்கறி அதிகம்! நம் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்தால் நேர்மாறு. லெமன் சாதம், புளி சாதம், தக்காளி சாதம். தொட்டுக்கொள்ள ஊறுகாய் அல்லது சிப்ஸ். காலை 4 மணிக்குச் சமைப்பவர் கலந்த சாதத்தைத் தேர்ந்தெடுப்பது இயல்பு. அவரைக் குறை சொல்லி என்ன பயன்? தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019-21) தமிழகப் பெண்களில் 40 சதவீதம் பேர் அதிக எடையோடு இருந்தார்கள். அதே ஆய்வில் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகையும் இருந்தது. வயிறு நிறைகிறது, உடம்புக்கு வேண்டியது போய்ச் சேரவில்லை என்று அர்த்தம்.

விளைகிற ஊரில் இப்படி நடப்பதுதான் வருத்தம். ராயக்கோட்டை தக்காளி ஊரெல்லாம் போகிறது. ஓசூரைச் சுற்றி முட்டைகோஸ், கேரட், பீன்ஸ், கீரை. பத்தலப்பள்ளி மார்க்கெட்டிலிருந்து லாரி லாரியாகக் காய் கிளம்புகிறது. உழவர் சந்தைகள் காலையில் சூடு பிடிப்பவை. ஏ ஷிப்டுக்குப் போனவர் அந்த நேரத்தில் லைனில் நிற்கிறார். சாயங்காலம் அவர் வீட்டுப் பக்கத்துக் கடையில் கிடைப்பது வாடிய கீரையும் கூடுதல் விலையும். ஷிப்ட் விடும் நேரத்தில், சிப்காட் வாசலிலோ பஸ் நிற்கும் இடத்திலோ விவசாயிகள் கடை போட ஓர் இடம் ஒதுக்கினால் என்ன? மாநகராட்சிக்கு இது பெரிய செலவு பிடிக்கும் காரியமல்ல.

வாரத்துக்கல்ல, ஷிப்டுக்கு ஒரு பட்டியல்

திங்கள் முதல் ஞாயிறு வரை போடும் சமையல் பட்டியல்கள் இங்கே உதவாது. காலை 9 மணிக்குப் போய் மாலை 6 மணிக்குத் திரும்புபவர்களுக்கு எழுதப்பட்டவை அவை. வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறும் வீட்டுக்கு மூன்று விதமான பட்டியல் வேண்டும்.

ஏ ஷிப்ட் வாரத்தில் பிற்பகல் 3 மணிக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். அந்த வாரத்தில் முக்கியச் சமையலை மாலையில் வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். சாயங்காலம் சூடாகக் களியும் சாறும். அப்போதே மறுநாள் டிபன் பாக்ஸுக்கான பொரியலுக்குக் காய் நறுக்கி மூடி, ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் விடியற்காலையில் சோறு வைத்துத் தாளிப்பதோடு வேலை முடிந்தது. பி ஷிப்ட் வாரத்தில் காலை முழுக்கக் கையில் இருக்கும். ஊறவைக்க, அரைக்க, சந்தைக்குப் போக அதுதான் நேரம். மதியம் சமைத்ததையே இரவுக்கும் பிள்ளைகள் சாப்பிடும்படி வைக்க வேண்டும். சி ஷிப்ட் வாரத்தில் ஒன்றுதான் விதி: இரவு வேலை பார்த்தவர் காலையில் அடுப்படிக்குள் போகக் கூடாது. அந்த வாரத்தின் காலைச் சாப்பாடு வீட்டில் உள்ள மற்றவர் பொறுப்பு. அவருக்குச் சமைக்கத் தெரியாது என்றால் பழம், வேகவைத்த முட்டை, ரொட்டி, முளைகட்டிய பயறு என்று சமைக்கத் தேவையில்லாதது இருக்கட்டும். ஒரு வாரம் தோசை இல்லாமல் போனால் யாரும் இளைத்துவிட மாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை மட்டும். நேரம் மிச்சம் என்று வடித்த சோற்றை மணிக்கணக்கில் வெளியே வைப்பது ஆபத்து. சோற்றில் வளரும் சில கிருமிகள் உண்டாக்கும் நச்சு, மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. ஆறியதும், அதிகபட்சம் இரண்டு மணி நேரத்துக்குள், ஃபிரிட்ஜுக்குள் போய்விட வேண்டும்.

'ஹெல்ப்' என்ற சொல்

"நான்கூட வீட்ல ஹெல்ப் பண்ணுவேங்க" என்று பெருமையாகச் சொல்லும் ஆண்கள் அதிகமாகிவருகிறார்கள். வரவேற்கலாம். ஆனால் அந்தச் சொல்லிலேயே சிக்கல் இருக்கிறது. உதவி என்றால் வேலை இன்னொருவருடையது. எண்ணெய் தீர்ந்துபோனதை யார் கவனிப்பது, பெரியவளுக்கு நாளைக்கு என்ன கொடுத்துவிடுவது, சிலிண்டர் எப்போது பதிவு செய்வது என்று நினைவில் வைத்திருக்கும் வேலை அப்படியே பெண்ணிடம் தங்கிவிடுகிறது. "என்ன வாங்கிட்டு வரணும்னு சொல்லு, வாங்கிட்டு வர்றேன்" என்பவர் கடைக்குப் போகிறாரே தவிர, யோசிக்கும் வேலையை எடுத்துக்கொள்ளவில்லை.

சமையல் ஆண்களுக்கு வராது என்பதும் சும்மா பேச்சு. மூக்கண்டபள்ளி, ஜூஜூவாடி பக்கம் போய்ப் பார்த்தால் தெரியும். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த இளைஞர்கள் ஒரு ரூமில் நாலு பேர், ஆறு பேராகத் தங்கி முறை வைத்துச் சமைக்கிறார்கள். இன்று ஒருவர் ரொட்டி என்றால் இன்னொருவர் தால், மூன்றாமவர் பாத்திரம். யாருக்கு எந்த ஷிப்டோ அதற்கேற்ப முறை மாறும். சேலம், திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்த நம் பையன்களும் ரூமில் இருக்கும்வரை ரசம் வைக்கிறார்கள், முட்டைக் குழம்பு வைக்கிறார்கள். கல்யாணம் ஆன மறுமாதம் அந்தக் கைப்பழக்கம் எங்கே காணாமல் போகிறது என்பதுதான் மர்மம்!

பேச்சுலர் ரூமின் அந்த முறையையே குடும்பத்துக்கும் கொண்டுவரலாம். ஷிப்ட் அட்டவணை கைக்கு வந்ததும் இருவரும் உட்கார்ந்து, யார் எந்த வேளைக்கு முழுப்பொறுப்பு என்று எழுதிவிடுவது. முழுப்பொறுப்பு என்றால் யோசிப்பது, வாங்குவது, சமைப்பது, கழுவி வைப்பது வரை. முதல் மாதம் உப்பு கூடும், குறையும். பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். பன்னிரண்டு வயதுப் பையனுக்கும் அதில் ஓர் இடம் வேண்டும். பெண் பிள்ளைக்கு மட்டும் வேலை பழக்கிவிட்டுப் பையனைப் படிக்கச் சொல்லும் வீடுகள், இன்னொரு வீட்டின் அடுத்த முப்பது வருடச் சண்டைக்கு இப்போதே விதை போடுகின்றன.

வீட்டு வேலைக்கு ஆள் வைத்துக்கொள்வது வசதி உள்ள சிலருக்கு வழி. ஆனால் அந்த ஆளும் ஒரு பெண். அவர் வீட்டிலும் ஓர் அடுப்படி இருக்கிறது. நியாயமான கூலி, வாரத்தில் ஒரு நாள் லீவு, 2007-ல் அமைக்கப்பட்ட வீட்டுப் பணியாளர் நல வாரியத்தில் பதிவு, இவை இல்லாமல் செய்வது சுமையைக் குறைப்பதாகாது. தள்ளிவிடுவது.

எல்லையின் இரு பக்கமும்

வீட்டு வேலைக்கு மதிப்பு உண்டு என்று இப்போது அரசுகளே ஒப்புக்கொள்கின்றன. 2023 ஆகஸ்ட் 30-ல் கர்நாடகம் குடும்பத் தலைவிக்கு மாதம் 2,000 ரூபாய் தரும் கிரகலட்சுமி திட்டத்தைத் தொடங்கியது. பதினாறு நாள் கழித்து, செப்டம்பர் 15-ல் தமிழகம் மாதம் 1,000 ரூபாய் தரும் கலைஞர் மகளிர் உரிமைத் தொகையைத் தொடங்கியது. உதவித்தொகை அல்ல, உரிமைத் தொகை என்று பெயர் வைத்ததில் அர்த்தம் இருக்கிறது. அதே ஆண்டு ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், கணவர் சம்பாதித்து வாங்கிய சொத்தில் வீட்டைக் கவனித்துக்கொண்ட மனைவியின் உழைப்புக்கும் பங்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் ஒரு தொகை, இந்தப் பக்கம் ஒரு தொகை என்றாலும் கருத்து ஒன்றுதான். ஆனால் பணம் நேரம் ஆகாது. 1,000 ரூபாய் அக்கவுன்ட்டில் விழுந்தாலும் காலை 4 மணி அலாரம் அடிக்கத்தான் செய்கிறது.

நேரத்தையே திருப்பிக் கொடுத்த திட்டம் என்றால் அது காலை உணவுத் திட்டம்தான். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த அந்தத் திட்டத்தைப் பள்ளி வருகை, ஊட்டச்சத்து என்ற கண்ணோடுதான் பெரும்பாலும் பேசுகிறார்கள். ஷிப்டுக்குப் போகும் தாயின் கண்ணில் அது வேறொன்று. காலை வேலையில் ஒரு பெரிய பகுதியை, அதுவும் கடிகாரத்தோடு ஓடும் பகுதியை, அரசு தன் கையில் எடுத்துக்கொண்டிருக்கிறது. உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ, சூடாக, காய்கறிச் சாம்பாரோடு. ஐந்தாம் வகுப்போடு அது நின்றுபோவதுதான் குறை. ஆறாம் வகுப்புக்குப் போன பிள்ளைக்குப் பசி குறைந்துவிடுமா? இந்த மாவட்டத்தில் விளையும் கேழ்வரகும் அந்தத் தட்டில் இன்னும் அதிகம் இடம் பிடிக்க வேண்டும். தருமபுரியிலும் நீலகிரியிலும் ரேஷன் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கும் முயற்சி 2023-ல் தொடங்கியது; கிருஷ்ணகிரியிலும் கேட்கிறவர்களுக்குக் கிடைக்க வேண்டும்.

அடுத்தது ஆலைகள். 250 பேருக்கு மேல் வேலை பார்க்கும் ஆலையில் கேன்டீன் இருக்க வேண்டும், 30 பெண்களுக்கு மேல் இருந்தால் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டத் தொகுப்பு, கேன்டீனுக்கான வரம்பை 100 தொழிலாளர்களாகக் குறைத்தது. கேன்டீன் இருப்பது மட்டும் போதாது. அங்கே கிடைப்பது வெள்ளைச் சோறும் எண்ணெய் மிதக்கும் குழம்பும் என்றால், தொழிலாளி வீட்டிலிருந்து டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டுதான் வருவார். அதாவது, கம்பெனி மிச்சம் பிடித்த செலவை அவர் தன் தூக்கத்தில் கொடுக்கிறார். கேன்டீன் கமிட்டியில் தொழிலாளர் பிரதிநிதிகள் இருக்கிறார்களா, அதில் பெண்கள் எத்தனை பேர், காய் எவ்வளவு போடுகிறார்கள் என்பதைத் தொழிற்சங்கங்கள் போனஸுக்குச் சமமாகப் பேச வேண்டிய காலம் வந்துவிட்டது.

இன்னும் ஒரு படி போகலாம். ஷிப்ட் முடிந்து பஸ் ஏறும்போது கேன்டீனிலிருந்தே வீட்டுக்கு ஒரு பாத்திரம் சாம்பாரும் பொரியலும் காசு கொடுத்து வாங்கிப் போகும் வசதி இருந்தால், அன்றைய இரவுச் சமையல் பாதி முடிந்துவிடும். கேட்பதற்குப் புதுமையாக இருக்கலாம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெண்கள் ஆலைகளுக்குப் போனபோது பிரிட்டன் அரசு 2,000-க்கும் மேற்பட்ட பொது உணவகங்களைத் திறந்தது. கேரளத்தில் குடும்பஸ்ரீ பெண்கள் 2020-ல் 20 ரூபாய்ச் சாப்பாட்டுக் கடைகளைத் தொடங்கினார்கள். தமிழகம் 2013-லேயே அம்மா உணவகத்தைக் கண்ட மாநிலம். சிப்காட் ஓரத்தில், மகளிர் சுயஉதவிக் குழுக்கள் நடத்தும், இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் திறந்திருக்கும் ஒரு களி-சாறு கடை கற்பனைக்கு எட்டாததா என்ன?

குழந்தைகள் காப்பகத்துக்கும் இதே நேரச் சிக்கல்தான். காலை 9 முதல் மாலை 5 வரை திறந்திருக்கும் காப்பகம், 5 மணிக்குப் பஸ் ஏறும் தாய்க்கு எதற்கு? பொம்மசந்திரா, எலக்ட்ரானிக் சிட்டி வரை தினமும் எல்லை தாண்டிப் போய்வருபவர்களுக்கு இன்னும் மோசம். அத்திப்பள்ளி நெரிசலில் போகும் நேரத்தை எந்தச் சமையல் பட்டியலாலும் மீட்க முடியாது. பொம்மசந்திரா வரை 2025 ஆகஸ்டில் மெட்ரோ வந்துவிட்டது. அதை ஓசூருக்கு நீட்டுவது பற்றிப் பேச்சு நடக்கும்போதெல்லாம் நில மதிப்பு எவ்வளவு ஏறும் என்றுதான் கணக்குப் போடுகிறார்கள்.

வருகிற ஏப்ரலில் பள்ளி லீவு தொடங்கும். காலை உணவும் மதிய உணவும் நின்றுவிடும், பிள்ளைகள் நாள் முழுக்க வீட்டில். பாகலூர் சாலை வீடுகளில் அலாரம் நான்கிலிருந்து மூன்றரைக்கு நகரும்.